மலை மறித்தாலும் செய்தி போக வேண்டும்
தோட்டப் பகுதிகளில் கம்பியில்லா வலைப்பின்னல்: போடுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

சப்பிரகமுவ மாகாணத்து மலைச்சரிவுகளில் மழைக்கால இரவு என்பது நித்திரை கெட்ட இரவு. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொகுப்பிட்டியவில் களுபான தோட்ட லயன்களின் மேலும் மண் இறங்கியது. மறு வருடம் மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் ஒன்றாகத் தாக்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடு முழுவதையும் உலுக்கிவிட்டுப் போனது. இந்த இதழை வாசிக்கும் குடும்பங்களிற் பல, இவற்றில் ஏதோ ஒன்றினால் வீட்டையும் தோட்டத் துண்டையும் விட்டு எழுந்து வந்தவை. வேறு சில இன்னும் பழைய கதையைச் சுமப்பவை. 1977, 1981, 1983 ஆகிய வருடங்களின் வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடி, பின்னர் அங்கிருந்தும் ஓடியவர்கள் நம்மிடையே உள்ளனர்.

மண்சரிவைப் பொறுத்தவரை அறிவிப்பு இல்லாத நாடல்ல இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகளை வகுத்துச் சொல்லியிருக்கிறது. 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 தாண்டினால் எழுந்து போக ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரு மழைமானியும் அதைப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் இதை அறியலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். மலை உச்சியில் நின்று அளவைப் பார்த்தவர், கீழே மூன்று மடிப்புகளுக்கு அப்பாலுள்ள லயத்துக்கு அதை நள்ளிரவில் எப்படிச் சொல்வது? கைத்தொலைபேசிக் கோபுரம் எதிர் மலையில் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் அதன் நிழல்தான் விழுகிறது. மின்சாரம் நின்றுபோனால் கோபுரத்து மின்கலம் சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். பிறகு அதுவும் ஊமை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது மலைநாட்டுப் பிள்ளைகள் பாறை உச்சிக்கும் மரக்கொப்புக்கும் ஏறிப் பாடம் கேட்டதை நாமெல்லோரும் அறிவோம். இரண்டும் ஒரே குறைதான்.

இந்தக் குறைக்குச் சில ஊர்கள் தாங்களே ஒரு வழி கண்டிருக்கின்றன. ‘மெஷ்’ என்று சொல்லப்படும் கம்பியில்லா வலைப்பின்னல் அது. வைஃபை என்பதை இன்று அறியாத பிள்ளை இல்லை. ரவுட்டர் என்ற சிறு பெட்டி, வீட்டுக்குள் கம்பியில்லாமல் இணையத்தைத் தருகிறது. வலைப்பின்னலில் அந்தப் பெட்டி ஒரு வேலை கூடுதலாகச் செய்கிறது: தனக்குக் கிடைத்த செய்தியை அடுத்த பெட்டிக்குக் கைமாற்றுகிறது. கொழுந்துக் கூடை கைமாறி மேட்டுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலத்தான். இடையில் ஒருவர் இல்லையென்றால் கூடை பக்கத்து ஆளின் வழியாகப் போகும். ஒரு பெட்டிக்கு மின்சாரம் நின்றாலும் மற்றவை தாமாகவே வேறு வழி தேடிக்கொள்ளும். இணையம் அறுந்துபோனாலும் ஊருக்குள் பெட்டிக்குப் பெட்டி பேச்சு நிற்பதில்லை. மழை அளவைச் சொல்ல இணையம் எதற்கு? ஊர்ப் பேச்சே போதும்.

ஓடி வந்தவர்கள் போட்ட வலை

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் தரம்சாலா என்ற மலையூர் இருக்கிறது. 1959இல் திபெத்திலிருந்து ஓடி வந்த மக்களின் தலைமையகம் 1960 முதல் அங்கேதான். பாடசாலைகள், மடங்கள், வைத்தியசாலை, அலுவலகங்கள் எல்லாம் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வர்ணனையைக் கேட்டால் தெரணியகலையோ இறக்குவானையோ என்று நினைப்பீர்கள்.

2005 ஜனவரியில் இந்திய அரசு, வைஃபை அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமப்பத்திரம் இல்லாமல் பாவிக்க அனுமதித்தது. அடுத்த மாதமே தரம்சாலாவில் வேலை தொடங்கியது. பெப்ரவரி முடிவதற்குள் 8 வளாகங்கள் இணைந்துவிட்டன. வழமையான முறை என்னவென்றால், உயரமான ஒரு கோபுரத்திலிருந்து எல்லோருக்கும் நேராக அனுப்புவது. மலை மறிக்கிற அந்த இடத்தில் அது சரிவரவில்லை. கைமாற்றும் முறைதான் சரிவந்தது. மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில், ஒரு பெட்டி விழுந்தால் மற்றவை வழி மாற்றிக்கொள்ளும் குணம் பெரும் உதவியாயிற்று. முதுகெலும்பாக நின்ற பெட்டிகள் 30க்கு மேல். அவற்றால் இணைந்த கணினிகள் 2,000க்கு மேல். அத்தனைக்கும் வெளியிலிருந்து வந்த இணையம் மொத்தம் 6 மெகாபிட் மட்டுமே. இன்று ஒரு வீட்டுக்கே அது போதாது என்போம்.

பெட்டிகளை அங்கேயே வடிவமைத்து அங்கேயே செய்தார்கள். ‘இமாலய மெஷ் ரவுட்டர்’ என்று பெயரும் வைத்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே பெட்டி. இடத்துக்கு ஏற்றபடி அன்டெனா மட்டும் மாறும். இதை நான் மிகவும் மெச்சுகிறேன். பத்து இடத்துக்குப் பத்து வகைப் பெட்டி வாங்கினால், ஒன்று பழுதானால் மாற்ற உதிரி கிடையாது, திருத்தத் தெரிந்த ஆளும் கிடையாது. இணையத்துக்கு மட்டும் அந்த வலையைப் பாவிக்கவில்லை. ஊருக்குள் இலவசமாகப் பேசத் தொலைபேசி இணைப்பகம் ஒன்றையும் அதன் மேல் வைத்தார்கள். கோப்புகளின் பிரதியை வேறொரு கட்டடத்தில் பாதுகாப்பாகச் சேமித்தார்கள். ஒரு முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்குத்தான் பிரதியின் அருமை தெரியும்.

ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒரு குறையை அவர்கள் மறைக்கவில்லை. 30 பெட்டியும் ஒரே அலைவரிசையில் பேசின. ஆட்கள் கூடக்கூட அது தாங்காது என்று அவர்களே சொல்லி, இரண்டு மூன்று வானொலிகள் கொண்ட பெட்டியைத் தயாரிக்க முனைந்தார்கள். ஏன் தாங்காது என்பதை விளங்கிக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்தது போல.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. மகாவலித் திட்டத்தின்கீழ் கொத்மலையில் உருவான சமூக வானொலி, 1999 அளவில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தையும் சேர்த்துக்கொண்டது. நேயர் ஒரு கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, மறுமொழியை வானொலியில் சிங்களத்திலோ தமிழிலோ சொல்வார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். அது வலைப்பின்னல் அல்ல. ஆனால் செய்தியை வீட்டு வாசல் வரை கொண்டுபோக ஊரார் தாமே வழி தேடியது அது. அனுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியவில் ஹொரைசன் லங்கா என்ற நிலையம் 2006 அளவில் வீடுகளைக் கம்பியில்லா வலைப்பின்னலால் இணைத்தது. அது குடியேற்றக் கிராமம், நிலம் சமதரை. நமக்கு மலை இருக்கிறது. ஆகவே தரம்சாலாதான் நமக்குக் கிட்டிய உறவு.

ஏன் மெதுவாகிறது?

ஒரு பெட்டிக்குள் ஒரு வானொலிதான் என்றால், அது ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. முதலில் கேட்க வேண்டும், பிறகு சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு கைமாற்றிலும் நேரம் பங்கிடப்படுகிறது. இணையம் வந்திறங்கும் முதற் பெட்டியில் 20 மெகாபிட் கிடைத்தால், ஒரு கைமாற்றுக்குப் பிறகு 10, இரண்டுக்குப் பிறகு 7க்குச் சற்றுக் குறைவு, மூன்றுக்குப் பிறகு 5. அதுவும் வேறு யாரும் பாவிக்காதபோது, காகிதக் கணக்கில். உண்மையில் இன்னும் குறையும். பீலித் தண்ணீர் போலத்தான்: மேல் லயத்தில் நிறைய வரும், கடைசி லயத்தில் நூலாய் ஒழுகும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இணையம் வந்திறங்கும் இடம் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கக்கூடாது. பெரும்பாலும் என்ன நடக்கிறது? பிரதான வீதிக்குப் பக்கத்தில், வாசற்படியில், கம்பி வந்து நிற்கும் இடத்தில் முதற் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். கடைசி வீட்டுக்கு ஐந்து ஆறு கைமாற்று. அதே பெட்டியை நடு மேட்டில், கொழுந்து மடுவத்தின் கூரையிலோ பாடசாலையிலோ வைத்தால் எந்தத் திசைக்கும் இரண்டு மூன்றுக்குள் முடிந்துவிடும். வீதியிலிருந்து நடு மேட்டுக்கு ஒரு தனித் தொடர்பு, அதற்கென்றே ஒரு சோடி அன்டெனா வாங்கிப் போடுவது வீண் செலவல்ல. தொடர்பு 3 கைமாற்றைத் தாண்டக்கூடாது என்பது என் விதி.

மற்றது, பெட்டியில் இரண்டு வானொலி இருக்கட்டும். 5 கிகாஹேர்ட்ஸ் வானொலி பெட்டிக்குப் பெட்டி பேசட்டும், 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி வீட்டுக் கைத்தொலைபேசிகளோடு பேசட்டும். இப்போது விற்பனைக்கு வரும் பல பெட்டிகள் இப்படித்தான் இருக்கின்றன. அப்போது வீட்டாரின் பாவனை முதுகெலும்பை நெருக்காது.

2.4இல் 13 அலைத்தடங்கள் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். ஒன்றையொன்று உரசாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பக்கத்து லயத்தில் 1, அடுத்ததில் 6, அதற்கடுத்ததில் 11 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 2, 3 என்று இடையில் நுழைந்தால் இருபக்கமும் கெடும்.

இன்னொரு விடயம் பலருக்குப் புதிதாக இருக்கும். தூரத்தில் பலவீனமாகத் தொங்கும் ஒரு வீடு, அந்த வீட்டை மட்டும் அல்ல, எல்லோரையும் மெதுவாக்கும். கொழுந்து நிறுக்கும் வரிசையில் ஒருவர் சாக்கைக் கட்டாமல் வந்து நின்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும் அல்லவா? ஆகாயமும் ஒரு தராசுதான். விநாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் போகும் பொதி, 1 மெகாபிட்டில் ஊர்ந்தால் தராசை 54 மடங்கு நேரம் பிடித்துக்கொள்ளும். அதனால் மிகக் குறைந்த வேகங்களைப் பெட்டியில் பூட்டிவிடலாம். ஆனால் அப்படிப் பூட்டினால் அந்தக் கடைசி வீடு அறுந்துபோகும். அங்கு பெரும்பாலும் யார் இருக்கிறார்கள்? கடைசியாய்க் குடியேறியவர்கள், விதவைக் குடும்பங்கள். ஆகவே பூட்டுவதற்கு முன் அந்த வீட்டுக்கு நடுவே ஒரு பெட்டியை நட்டுவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அந்தச் செலவைத் திட்டத்தில் முதலிலேயே எழுதுங்கள். ‘பிறகு பார்ப்போம்’ என்றால் ஒருநாளும் வராது.

வலுவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். உரக்கக் கத்தினால் எல்லோருக்கும் கேட்கும் என்பது போன்ற யோசனை அது. எல்லோரும் கத்தினால் யாருக்கும் கேட்காது. ஒரு பெட்டி கத்துவது கைத்தொலைபேசிக்குக் கேட்கலாம், ஆனால் கைத்தொலைபேசியின் மெல்லிய குரல் பெட்டிக்குத் திரும்பக் கேட்க வேண்டுமே. வலுவை விட நல்ல அன்டெனாவும் அது நிற்கும் இடமுமே முக்கியம்.

நடந்து பார்க்காமல் வரைபடம் வேண்டாம்

கொழும்பில் மேசையில் இருந்து வரையும் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒவ்வொரு பெட்டி நிற்கும் இடத்திலும் ஏறி நின்று, அடுத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றைக் கம்பில் கட்டி எதிர் மேட்டில் ஆட்டச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அந்த இடம் சரிவராது.

தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. அலை நூல் பிடித்தாற்போல நேராகப் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையும் சிறுத்து, மத்தளம் போன்ற ஒரு வெளியை அது கேட்கிறது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அந்த மத்தளத்தின் ஆரை ஏறத்தாழ 5.6 மீற்றர், அதாவது 18 அடி. அதில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு, 11 அடியளவு, பார்வைக் கோட்டைச் சுற்றி எப்பக்கமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவிலுள்ள மேட்டின் முதுகும் சவுக்கு மர உச்சியும் பார்வைக் கோட்டுக்குக் கீழே அவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று பொருள். 5 கிகாஹேர்ட்ஸில் மத்தளம் ஒல்லியாகும்; அதே தூரத்துக்கு 3.6 மீற்றர் அளவு. ஆனால் அது இலைக்கு இன்னும் எளிதில் தோற்கும்.

இலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மழைதான் அலையைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அலைவரிசைகளில், ஒன்றிரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு, மழைத்துளி செய்யும் கெடுதி மிக அற்பம். கெடுப்பது நனைந்த இலை. இலைக்குள்ளும் இலைமேலும் உள்ள தண்ணீர் அலையை உறிஞ்சிவிடுகிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையோடு இறப்பரும் உண்டு. இறப்பர் மரம் ஆண்டின் முதல் மாதங்களில் இலை உதிர்க்கும். பால் வெட்டுபவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. பெப்ரவரியில் வந்து அளந்தால் மொட்டைக் கொப்புகளுக்கு ஊடாக எல்லாம் அருமையாக வேலை செய்யும். பெட்டி நட்டு, தேங்காய் உடைத்து, படம் எடுத்துப் போய்விடுவார்கள். ஏப்ரலில் தளிர் விட்டு, மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை அந்த இலைகளை நனைக்கும்போது தொடர்பு சாகும். எந்த மழைக்காக அந்த வலையைப் போட்டோமோ, அந்த மழையிலேயே அது படுத்துவிடும். ஆகவே முதல் அளவை எப்போது எடுத்தாலும் சரி, இலை அடர்ந்த மாதத்தில், ஒரு மழை நாளில், இரண்டாம் அளவை எடுக்க வேண்டும். மரம் வளரும் என்பதையும் மறவாதீர்கள். இன்று பத்தடி உள்ள மரக்கன்று ஐந்து வருடத்தில் என்ன உயரம் நிற்கும் என்று தோட்டத்தில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார். தொழில்நுட்பவியலாளரோடு அவரையும் கூட்டிக்கொண்டு நடவுங்கள்.

அளவு எப்படி? கைத்தொலைபேசியிலேயே அதற்கான செயலிகள் உண்டு. வலுவை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் எண்ணாகக் காட்டும். பெட்டிக்குப் பெட்டி தொடர்பில் கழித்தல் 65 என்றால் நன்று. கழித்தல் 75 என்றால் தள்ளாட்டம். கழித்தல் 80க்குக் கீழே போனால் அந்த வழியை மறந்துவிடுங்கள். தூரம் இரட்டித்தால் வலு நான்கில் ஒன்றாகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். லயன்களின் தகரக் கூரை கண்ணாடிபோல அலையைத் திருப்பிவிடும். பெட்டியைக் கூரைக்குள் வைத்துவிட்டு வெளியே தேடக்கூடாது.

மின்சாரம், இடி, குரங்கு

பெட்டி ஒன்று 8 வாற் மின்சாரம் குடிக்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 192 வாற் மணித்தியாலம். சூரியனே தெரியாத மூன்று நாள் தாங்க வேண்டுமென்றால் 576. இதை 12 வோல்ற்றால் வகுத்தால் 48 அம்பியர் மணித்தியாலம். ஈய மின்கலத்தைப் பாதிக்குமேல் வடித்தால் விரைவில் செத்துப்போகும். ஆகவே 100 அம்பியர் மணித்தியால மின்கலம் ஒன்று வேண்டும். லித்தியம் வகை என்றால் அதைவிடச் சிறிதாயினும் போதும், விலை கூடும். பருவமழை மாதங்களில் முழு வெயில் நாளுக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். அந்தக் கணக்கில் 77 வாற் தகடு. இழப்பையும் சேர்த்தால் 110 அல்லது 120 வாற். மூன்று நாள் என்று சொன்னது மனதில் தோன்றிய எண் அல்ல. தொடர் மழையில் மூன்றாம் நாள்தான் மண் ஊறிச் சரியத் தொடங்குகிறது. எல்லாப் பெட்டிக்கும் இவ்வளவு செலவு செய்ய இயலாதென்றால், மழைமானியிலிருந்து ஆபத்தான லயம் வரையுள்ள ஒரு வழிக்காவது செய்யுங்கள். மற்றவை மின்சாரத்தோடு போய் மின்சாரத்தோடு வரட்டும்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நம் பகுதியில் பேர்போனது. மேட்டில் இரும்புக் கம்பம் நட்டு, அதிலிருந்து செப்புக் கம்பியை வீட்டுக்குள் இறக்குவது இடிக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். கம்பத்துக்கு நல்ல நிலத்தொடுப்பு வேண்டும். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வேண்டும். பெட்டிக்கு மின்சாரத்தைத் தரவுக் கம்பியின் வழியாகவே அனுப்பலாம். 100 மீற்றர் வரை அது செல்லும். சிக்கனமென்று நிலத்தொடுப்பை விட்டுவிடும் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

தரம்சாலாவில் குரங்குகள் அன்டெனாவில் தொங்கி ஊஞ்சலாடின என்பது பிரசித்தம். சிங்கராஜ வனத்தை ஒட்டிய தோட்டத்தாருக்கு இது சிரிக்கும் விடயமல்ல. கம்பியைக் குழாய்க்குள் விடுங்கள். பெட்டிக்குள் நீர் புகாமல் கம்பி கீழிருந்து மேலாக நுழையட்டும். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பைத் தேடி வரும். சிறு ஓட்டைகளையும் அடைக்கவும்.

எத்தனை பேர், எதற்காக?

நாற்பது வீட்டுக்கு எவ்வளவு இணையம் வேண்டும்? நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பாவிப்பதில்லை. மாலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் காணொளி பார்த்தால், ஆளுக்கு ஒன்றரை மெகாபிட் வீதம் 15 போகும். 20 மெகாபிட் தொடர்பு ஒருவாறு சமாளிக்கும். ஆனால் ஒரே இளைஞர் ஒரு திரைப்படத்தை இறக்கத் தொடங்கினால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். பெட்டியின் மென்பொருளில் ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பிடலாம். அவசரச் செய்திக்கும் குரலுக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். இந்த வரம்புகளைத் தொழில்நுட்பவியலாளர் தனியே தீர்மானிக்கக்கூடாது. ஊர்க் கூட்டத்தில், பெண்களும் இருக்கையில், பேசித் தீர்மானிக்க வேண்டும். இரவு ஏழு மணி என்பது பிள்ளைகளின் படிப்பு நேரமும்கூட என்பதைத் தாய்மார்தான் நினைவூட்டுவார்கள்.

வெளித் தொடர்பு எங்கிருந்து? கம்பித் தொடர்பு வருமென்றால் அதுவே நல்லது. இல்லையேல் மேட்டில் நல்ல அன்டெனாவோடு கைத்தொலைபேசிக் கம்பனியின் தொடர்பு. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை எந்தப் பள்ளத்தாக்கிலும் கிடைக்கும், வானம் திறந்திருந்தால். கட்டணம் ஒரு குடும்பத்தால் தாங்க இயலாதது. நாற்பது குடும்பம் பங்கிட்டால் வேறு கதை. ஆனால் பங்கிட அந்தச் சேவையின் நிபந்தனை இடம் தருகிறதா என்பதை முதலில் வாசித்தறிய வேண்டும்.

மென்பொருள் இலவசமாகவே உண்டு. பெட்டிகள் தமக்குள் வழி தேடும் முறையை ஜேர்மனியின் பேர்லின் நகரத்து ‘ஃப்ரைஃபுங்க்’ தன்னார்வலர்கள் பல வருடமாகச் செம்மைப்படுத்தி வந்தனர். அவர்களிடமிருந்து பிறந்த ‘பெட்மேன்’ என்ற முறை 2011 முதல் லினக்ஸின் உள்ளேயே இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்ரி என்ற மென்பொருளை ஏற்கும் பெட்டிகளைப் பார்த்து வாங்கினால், கம்பனி மூடிப்போனாலும் பெட்டி அநாதையாகாது. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மன்கோசி என்ற இடத்தில், ஸென்செலெனி என்ற கூட்டுறவு இப்படி ஒரு வலையை நடத்துகிறது. அவர்கள் செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்தது. பெட்டிக்கு வைத்த சூரிய மின்கலத்தில் ஊராரின் கைத்தொலைபேசிகளுக்குச் சிறு கட்டணத்தில் மின்னேற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பணமும் கூட்டுறவுக்குக் கைகொடுத்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. தோட்ட நிருவாகத்திடம் கூரைக்கும் நிலத்துக்கும் அனுமதி எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல்லில் வேண்டாம், துரை மாறினால் சொல்லும் மாறும். அதேபோல ஆணைக்குழுவுக்கும் கடிதம் எழுதி, எந்த அலைவரிசை, எவ்வளவு வலு, கட்டணம் அறவிட்டால் உரிமம் தேவையா என்று கேட்டு மறுமொழியைக் கோப்பில் வையுங்கள். பெட்டிகளை அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். இந்தப் பிரச்சினையில் நாம் சிறுபான்மையினர் என்பதையும், பழைய காலத்தில் மேட்டில் ஒரு கம்பி தெரிந்தாலே கேள்வி வந்ததையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் வலையில் சேர்த்துக்கொண்டால் பெட்டி வைக்க இன்னொரு மேடு கிடைக்கும். மண் சரியும்போது அது இன்னார் வீடு என்று பார்த்துச் சரிவதுமில்லை.

யார் கவனிப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது. ஒரே ஒரு கெட்டிக்காரப் பையனுக்கு எல்லாவற்றையும் கற்பித்தால், அவன் ஆறு மாதத்தில் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவான். அவன் போவது நியாயமே. ஆகவே குறைந்தது நான்கு பேருக்குக் கற்பிக்க வேண்டும், அதில் இருவர் ஊரிலேயே தங்கக்கூடிய பெண்களாயிருப்பது நல்லது. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்து வீட்டில் ஒருவர் பொறுப்பு: விளக்கு எரிகிறதா, கொப்பு வளர்ந்து மறைக்கிறதா, தகட்டில் பாசி பிடித்திருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார்ப்பது. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். திகதி, பெட்டியின் இலக்கம், டிபிஎம் அளவு, மழை அளவு என்று நான்கு நிரல் கீறுங்கள். ஒரு வருடம் எழுதினால் எந்தத் தொடர்பு எந்த மாதத்தில் தளர்கிறது என்று கொப்பியே காட்டும்.

இந்த வருடம் தொடங்க நினைப்பவர்கள் செப்டெம்பரில் மேடுகளை நடந்து பாருங்கள். இறப்பர் இலை அப்போது நிறைந்திருக்கும், ஒக்டோபர் இடிக்கு முன் கம்பங்களுக்கு நிலத்தொடுப்பையும் முடித்துவிடலாம். முதலில் மூன்றே பெட்டி நடுங்கள்: மழைமானி இருக்கும் மேட்டில் ஒன்று, கொழுந்து மடுவத்தில் ஒன்று, மண் சரியக்கூடிய இடத்துக்கு மிகக் கிட்டிய லயத்தில் ஒன்று. அந்த மூன்றும் ஒரு பருவமழையைத் தாங்கினால் நான்காவதைப் பற்றிப் பேசலாம்.